ஆறை அணைக்காத சனிக்கிழமை

நெட்வொர்க் அறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உங்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதன் இடது கைப்பிடி ஆடும். அதில் சாய்ந்து யோசிக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். ஓய்வு பெற்றவள் தருகிற முதல் எச்சரிக்கை இதுதான்.

ரவுட்டருக்கு என்ன கட்டளை கொடுப்பது, ஃபைபரை எப்படி ஒட்டுவது என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். போன வாரம் வந்திருந்தபோது பார்த்தேன். எனக்கு ஒரு கட்டளை ஞாபகத்துக்கு வருவதற்குள் நீங்கள் அடித்து முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஊரே போனில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். முதலாளி உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை எனக்கு வந்தது.

நம் முதலாளி கேபிள் டிவியில் ஆரம்பித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். விருத்தாசலத்தில் எந்தக் கம்பத்தில் எந்த ஒயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேபிள் போய் இன்டர்நெட் வந்தபோது அதே கம்பங்களில் ஃபைபரை ஏற்றினார். என்னை வேலைக்கு எடுத்தபோது, "இது எனக்குப் புரியாதும்மா. நீங்க பாத்துக்குங்க. ஆனா ஊர்ல ஒருத்தரும் என்னைக் கூப்ட்டு திட்டக்கூடாது" என்றார். அந்த ஒரு நிபந்தனையில்தான் நான் அத்தனை வருடமும் வேலை பார்த்தேன்.

அப்போது எங்களுக்கு இருந்த தலைவலி முகவரி. உலகத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறைக்குப் பதிப்பு நான்கு என்று பெயர், புதிய முறைக்குப் பதிப்பு ஆறு. ஆபீஸில் நாங்கள் நாலு, ஆறு என்று மட்டும் சொல்வோம். நாலு உலகம் முழுவதும் தீர்ந்துபோய்விட்டது. எங்களிடம் மிஞ்சியிருந்ததைத் தெருவுக்கு ஒன்று என்கிற மாதிரி பங்குபோட்டு வைத்திருந்தோம். ஒரு தெரு முழுக்க ஒரே கதவு எண்ணில் குடியிருந்தால் எப்படி இருக்கும்? உள்ளே இருப்பவர்கள் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தால், எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார். படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் இது தொந்தரவே இல்லை. அதனால் ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் பரிமளா. செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட் அவருடையது. கணவர் இறந்த பிறகு அவரே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கேஸ் சூளை. சூடு மெதுவாக ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும். நடுவில் ஏதாவது பிசகினால் உள்ளே இருக்கிற பிள்ளையார்கள் எல்லோருக்கும் தும்பிக்கையில் விரிசல் விழும். சூளையின் சூட்டைக் கவனிக்கிற கருவியை நெட்டில் இணைக்கலாம், போனிலிருந்தே பார்க்கலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இணைத்துப் பார்த்தார். யூனிட்டுக்குள் இருக்கும்போது தெரிந்தது. கேட்டைத் தாண்டினால் தெரியவில்லை. தெருவுக்கு ஒரே கதவு எண் என்று சொன்னேனே, அதுதான் காரணம்.

ஆபீஸுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க வூட்டு நல்லது கெட்டது எதுக்கும் நான் போறதில்லக்கா. சூளை எரியறப்ப எல்லாம் அந்தப் பொட்டி முன்னாலயேதான் ஒக்காந்துட்டு இருக்கறேன். போயிட்டு வரேன்னு ஒரு நாள் சொல்லிட்டுக் கெளம்பணும்னு ஆசையா இருக்குது. வெளிய இருந்து பாக்கற மாதிரி செஞ்சு குடுங்க."

ஆறு இருந்தால் இது சுலபம். ஒவ்வொரு கருவிக்கும் சொந்தமாகவே ஒரு கதவு எண் கொடுத்துவிடலாம். செல்போன் கம்பெனிகள் போன்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆறு கொடுத்திருந்தன. பாக்கி நாங்கள்தான். ஆனால் எங்களுக்கு மேலே இருந்து இணைப்பு தருகிற சென்னைக் கம்பெனி ஆறு தரவில்லை. கேட்டால், வரும், வேலை நடக்கிறது என்பார்கள்.

அதனால் ஒரு சுரங்கம் போட்டேன். வெளிநாட்டில் சில பேர் இந்தச் சேவையை இலவசமாகவே தருகிறார்கள். நம் கடிதத்தை இன்னோர் உறைக்குள் போட்டு அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் மேல் உறையைப் பிரித்துவிட்டுத் தங்கள் ஊர்த் தபால்பெட்டியில் போடுவார்கள். கடிதம் பெறுகிறவருக்கு அது அந்த ஊரிலிருந்தே வந்த மாதிரி தெரியும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். பரிமளாவின் சூளை போனில் தெரிந்தது. அன்று அவர் எனக்கு ஒரு பீங்கான் யானை கொடுத்தார். நான் உற்சாகமாகி, புது வெள்ளை ரவுட்டர் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அதே சுரங்கம் வழியாக ஆறைத் திறந்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முதல் போன் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரிடமிருந்து வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியரானவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரைப் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள். போனை எடுத்தது கஸ்டமர் கேரில் இருந்த கலா. எடுத்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அவளும் அவரிடம் படித்தவள்.

விஷயம் இதுதான். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விழுப்புரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிபன் முடிந்து, டிவியில் புதுப்படம் ஒன்று போடலாம் என்று போட்டிருக்கிறார். படத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கிற ஏதோ ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிகிறது, அதை அணைத்துவிட்டு முயற்சி செய்யவும் என்று. சம்பந்தி போலீஸ் டிபார்ட்மென்டில் இன்ஸ்பெக்டர். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதை இரண்டு தடவை படித்திருக்கிறார்.

கலா போனை என்னிடம் கொடுத்தாள்.

"எங்க வூட்டுல அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாதும்மா" என்றார் ஹெட்மாஸ்டர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். "நான் எதையும் மறைக்கல. அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

பார்க்கிறேன் சார் என்று வைப்பதற்குள் எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்தன. கடைவீதி, ஜங்ஷன் ரோடு, மங்கலம்பேட்டை, எல்லா இடத்திலும் அதே அறிவிப்பு. மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறது. நெட் வழியாகப் படம் காட்டுகிற அந்த ஒரு சேவை மட்டும் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்கிறது. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, வளைகுடாவில் இருக்கிற தன் மகன் போனில் ஏதாவது செய்துவிட்டானா என்று பயந்துபோய்க் கேட்டார். ஒருவர் தன் பையனை அடித்தே விட்டாராம். பையன் மேல் தப்பில்லை என்று கலா அவருக்குச் சொல்லிப் பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

நான் கலாவிடம், கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். வீட்டில் இருப்பது கறுப்பு ரவுட்டரா, வெள்ளை ரவுட்டரா? கொஞ்ச நேரத்தில் அவள் கையை உயர்த்தினாள். எல்லாம் வெள்ளை. ஒரு கறுப்புகூட இல்லை.

பாதிக் கதை அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளையில்தான் ஆறு இருந்தது. அந்த ஆறு, சுரங்கத்தின் வழியாகப் போய் வெளிநாட்டு முகவரியிலிருந்து வெளியே வருகிறது. படச் சேவைக்காரர்களுக்கு நாட்டுக்கு நாடு உரிமை வேறு. இங்கே காட்டுகிற படத்தை அங்கே காட்டக்கூடாது. அதனால் வேறு நாட்டில் இருப்பதுபோல வேஷம் போட்டுப் படம் பார்க்கிறவர்களை அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இந்தச் சுரங்கத்தையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சேவைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்குச் சுரங்கத்தின் வாயையே மொத்தமாக அடைத்துவிட்டார்கள். விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் நாட்டுக்கென்றே உரிமை வாங்கின படத்தைப் பார்க்கிற ஹெட்மாஸ்டரும் அதில் மாட்டிக்கொண்டார்.

அந்தச் சேவையின் உதவிப் பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். ஆறை அணைத்துவிடுங்கள் என்று உடனே பதில் வந்தது. அதற்குள் முதலாளி மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அவர் சட்டைப் பையில் இருந்த போனும் அடித்துக்கொண்டேதான் இருந்தது. நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தினார்.

"நாலுல ஓடுதா?"

ஓடும் என்றேன்.

"அப்ப ஆறை அணைச்சுடுங்கம்மா. இதுல என்ன யோசன?"

நியாயமான கேள்வி. அணைப்பதற்கு ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அடித்தால் கூட்டம் கலைந்துவிடும். கீபோர்டில் கை வைத்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அன்று பரிமளா எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால்தான் கூப்பிட்டு, சனிக்கிழமை சூளை எரியும், நான் திட்டக்குடியில் அண்ணன் மகள் வரவேற்பில் இருப்பேன், நெட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லியிருந்தார். கொலுவுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு முழுவதும் அந்தச் சூளைக்குள் இருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஊரே கேட்கிறது, ஒரு சூளைக்காகப் பார்க்க முடியுமா, அங்கே ஆள் இருப்பார்களே என்றார். ஆள் இருந்தார். அவருக்கு அடுப்பு பார்க்கத் தெரியும். எந்தச் சூட்டில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பரிமளாதான் போனில் பார்த்து அவ்வப்போது அவரைக் கூப்பிட்டுச் சொல்வார். அந்தக் கண்ணை மூடுவதா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பக்கம், ஊர் முழுக்கப் பெரியவர்கள் தங்கள் வீட்டு டிவி முன்னால் குற்றவாளிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே ஷிப்டில் ஒரு பெண் இருப்பாள். பெயர் கேட்டதில்லை. எப்போதும் "சப்போர்ட்ல இருந்து பேசறேன் மேடம்" என்பாள், அவ்வளவுதான். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதில் பாதிகூட இருக்காது. நான் தொழிலில் யாரிடமாவது கற்றுக்கொண்டேன் என்றால் அந்தக் குரலிடம்தான். பதறவே பதறாது. ஊரையும் சூளையையும் பற்றிச் சொல்லி, இன்றைக்கே ஆறு தர வழியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் நான் ஆறை அணைத்துவிடத்தான் வேண்டும் என்றேன். அவளாவது சரி என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவள் சரி என்று சொல்லவில்லை.

"எதை அணைக்கறீங்கன்னு சொல்றீங்க மேடம். யாருக்கு அணைக்கணும்னு யோசிச்சீங்களா?"

இதை நான் பொன்மொழி மாதிரி எழுதி உங்கள் சுவரில் ஒட்ட மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட உடனே, இத்தனை நேரம் ஒரே முடிச்சாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஊருக்கு ஆறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரே ஒரு படச் சேவைக்குப் போகும்போது மட்டும் ஆறில் போகக்கூடாது. மற்றபடி எல்லோரும் ஆறில் போகலாம். பரிமளா ஆறில் வரலாம்.

அதற்கு வழி இருந்தது. டிவி ஒரு சேவையைத் தேடும்போது முதலில் நம்முடைய டிஎன்எஸ் சர்வரிடம் வந்து, இந்தப் பெயருக்கு முகவரி என்ன என்று கேட்கும். நாம் நாலும் சொல்வோம், ஆறும் சொல்வோம். டிவி ஆறைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சேவையின் பெயரைக் கேட்டால் மட்டும் நாலைச் சொல்லிவிட்டு ஆறைச் சொல்லாமல் இருந்துவிட்டால்? டிவி தானாக நாலில் போய்விடும். ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே என்று அவளிடம் கேட்டேன். "ஒரு ரோட்டுல தண்ணி நிக்குதுன்னு இன்னொரு ரோட்டச் சொல்றோம். அவ்ளோதான் மேடம்" என்றாள். அந்தச் சேவைக்கு என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று அவளே தேடி அனுப்பினாள்.

முதலாளிக்கு இதை விளக்கப் பொறுமை இல்லை; எனக்கும் நேரம் இல்லை. நான் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், வரும்போது டிவி ஓட வேண்டும், இல்லையென்றால் அணைத்துவிட வேண்டும் என்றார். அதற்குமேல் ஒரு முதலாளியிடம் எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு அப்படி ஒரு டீ நேரம் கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் டிவியில் முதலில் ஓடவில்லை. பழைய பதிலையே ஞாபகம் வைத்திருந்தது. அணைத்துப் போட்டோம். அறிவிப்பு போய்ப் படம் வந்தது. கலா கூப்பிட்டவர்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டு, டிவியை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னாள். முதலாளி பல்லில் குச்சியோடு திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது. ஆறை அணைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்தார். ஆடியது. நிமிர்ந்துகொண்டார்.

ஒரே ஒரு வீடு மட்டும் சரியாகவில்லை. யார் வீடு என்று சொல்லவே வேண்டாம்.

ஊர் முழுக்க நல்லவர்களாகிவிட்டார்கள், ஹெட்மாஸ்டர் மட்டும் ஏமாற்றுக்காரராகவே இருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சம்பந்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்பு அப்படியே நின்றது. கல்யாணப் பெண் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்று வாய் திறக்காமல் சொன்னாள்.

ரவுட்டரைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. வெளிநாட்டில் இருக்கிற அவர் மகன் போன தடவை வந்தபோது வேகமாக இருக்கும் என்று நம் டிஎன்எஸ் சர்வரை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருந்தான். அதனால் அந்த வீடு நம்மிடம் வழி கேட்கவே இல்லை. மாற்றினேன். படம் வந்தது. ஆனால் கூடத்தில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் விசாரிக்க ஆரம்பித்தார். யார் மறைத்தது, எதை மறைத்தது, எந்த நாடு, எத்தனை நாளாக என்று வரிசையாகக் கேட்டார். நான் சுரங்கத்தைச் சொன்னேன். உறைக்குள் உறையைச் சொன்னேன். தப்பு செய்கிற சிலரும் அந்த வழியைப் பயன்படுத்துவதால் சேவைக்காரர்கள் வழியையே அடைத்துவிட்டதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அவங்க செஞ்சது சரிதாங்க" என்றார் கடைசியில். "திருடன் போற சந்துல நல்லவன் போனாலும் நிறுத்தித்தான் கேப்போம்."

கூடம் லேசாகச் சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சந்துல எங்கள ஏம்மா கூட்டிட்டுப் போறீங்க?"

சாரிடம் படிக்காமலே அன்று அவர் முன்னால் பதில் தெரியாமல் நின்றேன். பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வாசல் வரை வந்த கல்யாணப் பெண், அப்பா இனிமேல் சாப்பிடுவார் என்று சொல்லி என் கையில் இரண்டு லட்டைத் திணித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பரிமளா கூப்பிட்டார். எதற்குக் கூப்பிட்டீர்கள் அக்கா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சூளையில் ஏதாவது ஆனதா என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சூடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்ததாம். அவர் போனில் பார்த்துக்கொண்டே இருந்திருக்காவிட்டாலும் சரக்கு நன்றாகத்தான் வந்திருக்கும். இந்த இடத்தில் ஒரு விபத்து தப்பியது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"ஆனா போன்ல தெரியாமப் போயிருந்தா நான் கெளம்பி வந்திருப்பேங்க்கா" என்றார். "மாப்ள பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறப்ப வந்திருப்பேன். எங்க அண்ணன் கூப்ட்டு நான் போன மொத விசேஷம் இது."

சரியான முடிவு எடுத்தோமா என்று அளக்க எங்கே பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், நான் பொம்மைகளைப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போனேன். எல்லாம் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்றார். ஒட்டுப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான், நாளைக்கு வேறு ஒரு சேவை சுரங்கத்தை அடைத்தால் அதற்கும் ஒட்டுப் போட வேண்டும், பிறகு எதற்கு எங்கே ஒட்டுப் போட்டோம் என்று நமக்கே தெரியாமல் போகும் என்றேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. ஹெட்மாஸ்டர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருக் கம்பத்தைப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல ஒரு வூட்டுக்கு ஒயர் இழுத்தது நானு. அந்த வூட்டு அட்ரஸ் வெளிநாட்டுலயா இருக்குது?"

ஆறைப் பொறுத்தவரை ஆமாம் என்றேன்.

"அதை இங்க கொண்டாங்கம்மா" என்றார்.

சொல்வது சுலபம். சென்னைக் கம்பெனியில் மறுபடியும் அந்தக் குரலைப் பிடித்தேன். ஏன் இத்தனை வருடமாக ஆறு தரவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவள் சொன்ன பதிலில் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. எங்களைப் போலச் சின்ன ஊர்க் கம்பெனிகள் யாருமே எழுத்துமூலமாகக் கேட்டதில்லையாம். எல்லோரும் போனில் வருமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்களாம். அவர்களும் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்களாம். நாங்கள் கேட்டோம். நமக்கென்று சொந்தமாக ஆறாம் பதிப்பு முகவரித் தொகுதி ஒன்று வாங்கினோம். மேலே அவர்கள் பக்கத்தில் வேலை, இங்கே நம் பக்கத்தில் வேலை என்று மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு தடவை எல்லாம் தயார் என்று திறந்தால் பாதி ஊருக்கு எதுவும் போகவில்லை. மூடிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தோம். அந்த வேலைகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கடைசியில் வந்தது. சுரங்கம் இல்லை, உறைக்குள் உறை இல்லை. நம் கடிதம் நம் பெயரில் நேராகப் போனது. நான் முதல் வேலையாக அந்த டிஎன்எஸ் ஒட்டைப் பிரித்தேன். ஒட்டுப் போட்டவர்களே அதைப் பிரிக்கும் நாளையும் பார்த்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தலைவலி மிச்சம். நீங்கள் இன்று பார்க்கிற சர்வரில் அது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆறு வழியாகவே போய்ப் படம் பார்த்தோம். டிவி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. சுரங்கம் கொடுத்த முகவரிகள் எல்லாம் அந்த வெளிநாட்டுக்காரர்களுடையவை. சுரங்கத்தை மூடினால் அவையும் போய்விடும். டிவிகளுக்கு அது பிரச்சினையில்லை. தானாகவே புது முகவரி எடுத்துக்கொள்ளும். பரிமளாவின் சூளைக்கு மட்டும் கையால் மாற்ற வேண்டும். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். நான் நேரில் போனேன். ஒருவரை நம்பி வெளியே போய் நிற்கிறவரின் வழியை மாற்றும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

காலை வேளை. சூளையில் சரக்கு இல்லை. சோதனைக்காகக் கொஞ்சம் சூடு மட்டும் ஏற்றி வைத்திருந்தார். கருவியில் புது முகவரியைப் போட்டேன். அவர் போனிலும் மாற்றிக் கொடுத்தேன்.

"இது இனிமே மாறாதேக்கா?"

மாறாது, இது நம் ஊருக்கே சொந்தம் என்றேன். யூனிட்டில் வைஃபை இருப்பதால் உள்ளேயிருந்து பார்ப்பது கணக்கில்லை, கேட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். அடுப்பு பார்க்கிற ஆள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ரோட்டில் நிற்கிறேன், தெரிகிறது என்றார். நல்லது, வந்துவிடுங்கள் என்றேன்.

வரவில்லை. மறுபடியும் போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம். மந்தாரக்குப்பம் தாண்டியாகிவிட்டது, தெரிகிறது என்றார். எதிரே பஸ் வந்ததாம், ஏறிவிட்டாராம். அடுத்து நெய்வேலியில் இருந்து கூப்பிட்டார். அடுத்து வடலூர். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை டிகிரி என்று சரியாகச் சொன்னார். நான் இங்கே கருவியில் பார்த்து ஒத்துப்போகிறது என்றேன். அங்கே தெரிந்தால் எங்கேயும் தெரியும், டெல்லிக்குப் போனாலும் இதே மாதிரிதான், இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது தெரியுதுக்கா. போயிப் பாக்கணும்னு இருக்குது" என்றார்.

நான் ஆபீஸுக்குப் போன் போட்டு, மத்தியானம் வரைக்கும் வரமாட்டேன் என்று கலாவிடம் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்டாள். டெஸ்டிங் என்றேன். அடுப்பு பார்க்கிறவர் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார்.

பிறகு வந்த போனில் காற்று ரொம்ப அடித்தது. அவர் சொல்வது விட்டு விட்டுத்தான் கேட்டது. கடலூர் வந்துவிட்டதாகச் சொன்னார்.

"நல்லா தெரியுதுக்கா."

நான் கருவியைப் பார்த்துக்கொண்டே, எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேட்டேன்.

"சூளை இல்லக்கா. கடலச் சொன்னேன்."